நான் நின்ற இடத்தில் நின்றவள்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு வந்தது கத்தரிப்பூ நிறம். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவரின் மகள் நான்; அந்தச் சால்வையின் தரத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சாப்பாடு நன்றாக இருந்ததால் அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் இளம் விஞ்ஞானி திரையில் படங்கள் போட்டுப் பேசினார். தென் துருவத்துப் பனிக்கட்டிக்குள் கண்ணாடிக் குண்டுகளைப் புதைத்து, விண்மீன் வெடிப்புகளிலிருந்து வரும் நியூட்ரினோக்களைத் தேடுகிறார்களாம். மனிதக் கண்ணே வேண்டாமாம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம். ஆளுடைய ஆசை முடிவில் கலந்துவிடாதபடி, விடையை மறைத்து வைத்துவிட்டுத்தான் ஆராய்வார்களாம். பேசி முடித்துவிட்டு, முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "உங்க காலத்துல இந்த மாதிரி கட்டுப்பாடெல்லாம் இருந்துதா மேடம்?" என்று கேட்டார்.

"இருந்துது தம்பி. அதுல ஒருத்திக்கு வேலை போச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் காதிலேயே நின்றது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், பி.யூ.சி. முடித்த கையோடு அந்த வேலைக்குப் போனேன். அடையாற்றில் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பங்களா. அதன் பின்கட்டு அறைகளில் எங்கள் பிரிவு. "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று யாராவது கேட்டால் அம்மா, "படம் பாக்குறா" என்பாள். கேட்டவர்கள் ஏதோ சினிமாக் கம்பெனி என்று நினைத்து முகத்தைச் சுளிப்பார்கள். அம்மா சொன்னதில் தப்பில்லை. நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்ப்பதுதான் வேலை.

அது என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதைய மைசூர் மாநிலத்தில் ஒரு தங்கச் சுரங்கம். அதன் அடியாழத்தில் ஓர் அறை. அங்கே நியான் வாயு நிரப்பிய நீளக் கண்ணாடிக் குழாய்களை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு மின்துகள் பாய்ந்து போனால், அது கடந்த குழாய்கள் மட்டும் ஒரு கணம் மினுங்கும். கேமரா அதைப் படம் பிடிக்கும். படத்தில் வரிசையாகச் சில புள்ளிகள் தெரியும். அந்த ஆழத்துக்கு மேலேயிருந்து பாறையைத் துளைத்து வருவது ஏறக்குறைய செங்குத்தாகத்தான் வர முடியும். சாய்ந்து படுத்தாற்போல ஒரு வரிசை தெரிந்தால், அது பாறையை லட்சியமே செய்யாமல் வந்த ஒரு நியூட்ரினோ, பக்கத்தில் எங்கோ மோதிக் கிளப்பிவிட்ட துகளாகத்தான் இருக்கும். அந்தச் சாய்ந்த வரிசைகள்தான் எங்களுக்கு வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களில் வெறும் சிதறல் புள்ளிகள்தான் இருக்கும். சாய்ந்த வரிசை என்பது அத்தி பூத்தாற்போல.

எங்கள் தலைவர் வரதன் சார். மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கால்சட்டைக்குள் செருகிய வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. என்னை வேலைக்கு எடுக்கும்போது அவர் இயற்பியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேஜையில் வெள்ளைத்தாளை விரித்து, ஒரு சிட்டிகைக் கடுகைத் தூவி, "இதுல வரிசையா இருக்கறதைக் காட்டுங்கோ" என்றார். எனக்கு முன்னால் போன பெண்களெல்லாம் ஆளுக்கு ஒரு வரிசை காட்டினார்களாம். நான் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

"வேணும்னு பார்த்தா எங்கயும் வரிசை தெரியும். இல்லைன்னு சொல்றவாதான் எனக்கு வேணும்" என்று பின்னால் ஒரு நாள் சொன்னார்.

எனக்கு முன்பே அங்கே இருந்தவள் பிலோமினா அக்கா. சாந்தோம் கடற்கரைப் பக்கத்துக்காரி. துறைமுகத்தில் வேலை பார்த்த கணவர் இறந்துபோக, மாமியாரையும் இரண்டு பெண்களையும் ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சார் கடுகைத் தூவியிருக்கிறார். "வரிசை ஒண்ணும் இல்ல சார். வோணும்னா சொல்லு, நானே அடுக்கித் தர்றேன்" என்றாளாம். சார் வாழ்க்கையில் வாய்விட்டுச் சிரித்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் வேலையின் உயிர்நாடி ஒரு பழக்கத்தில் இருந்தது. படச்சுருளைக் கையால் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு படமாக வெள்ளை மேஜைமேல் விழவைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு சுருளையும் இருவர் பார்க்க வேண்டும். முதலில் ஒருத்தி, சில நாள் கழித்து மற்றவள். சுருளைப் பற்றி ஒருவருக்கொருவர் மூச்சு விடக்கூடாது. வரிசை தெரிந்தால் அந்தப் படத்திலேயே நிறுத்தி அளவெடுத்து, எழுதிப் பூட்டிய பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி என்று முதல் வாரமே கேட்டேன். சார் அரிசியை வைத்து விளக்கினார். ஒரே முறத்து அரிசியில் நீங்கள் கல் பொறுக்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்கிறீர்கள். அப்புறம் இன்னொருத்தி வந்து, நீங்கள் காட்டியது தெரியாமல், தானாகக் காட்டுகிறாள். இருவரும் அதே கற்களைக் காட்டினால் அநேகமாக அவ்வளவுதான் கல். ஆளுக்கு ஒன்றாகக் காட்டினால் இருவர் கண்ணிலும் படாத கல் இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

"எத்தனை பார்த்தோம்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். எத்தனை பார்க்கலைன்னு சொல்லத் தெரியணும். அதான் நம்ம தொழில்" என்றார்.

சனிக்கிழமை அரைநாள். அன்றைக்குப் பெட்டியைத் திறப்பார். எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துப் பட எண்களைப் படிப்பார். இருவரும் குறித்திருந்தால் "ம்" என்று மேலே போவார். ஒருத்தி மட்டும் குறித்திருந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் அந்தப் படத்தைப் போடுவார். விட்டவள் யார் என்று சொல்ல மாட்டார். படத்தையே பார்த்தபடி, "பாத்துட்டேளா?" என்று பொதுவாகக் கேட்பார். விட்டவளுக்குத் தெரியும், அது போதும். யாரையும் அவர் இதற்குமேல் கண்டித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த "பாத்துட்டேளா" வந்த வாரம் எனக்குச் சோறு இறங்காது.

நான் சேர்ந்து ஓரிரு வருஷத்தில் அக்கா ஓர் ஏற்பாடு கேட்டாள். மாமியாருக்கு முடியவில்லை, வாரத் தொடக்கத்தில் வேலை பளுவாக இருக்கிறது, வசந்தா, அதாவது நான், முதலில் பார்க்கட்டும், தான் இரண்டாவதாகப் பார்ப்பதாகச் சொன்னாள். சாருக்கு யார் முதல், யார் இரண்டாவது என்பது ஒரு பொருட்டல்ல. சரி என்றார். அதற்கப்புறம் எங்கள் கணக்கு அபாரமாக ஒத்துப்போனது. நான் குறித்ததெல்லாம் அவளும் குறித்திருப்பாள். வாரக்கணக்கில் சார் எழுந்திருக்கவே வேண்டியிருக்காது. வெளியூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்களிடம் எங்களைக் காட்டி, "இவா ரெண்டு பேர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது" என்பார். அந்தப் பெருமையை வைத்துத்தான் ஒரு கட்டுரையும் அச்சாகி வெளிநாடு வரை போனது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் நானும் அக்காவும் ஒரே பஸ். மந்தைவெளியில் இறங்கி, சாந்தோம் போகும் தெருமுனை வரை சேர்ந்து நடப்போம். வெளிச்சம் மங்கியதும் அவள் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வாள். அழுத்தமான பிடி. "இன்னா வேகம் உனுக்கு? மெதுவா போயேன், உன் மாமியாரா கூப்டுக்கினு கீறா?" என்பாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அந்தப் பிடி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாசத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வரதன் சார் வழக்கத்துக்கு மாறாக வேகமாக உள்ளே வந்தார். தெற்கு வானத்தில், வேறொரு நட்சத்திரக் கூட்டத்தில், ஒரு விண்மீன் வெடித்திருப்பதாகச் சேதி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் பளிச்சென்று தெரிகிறதாம். இந்த மாதிரி ஒன்று தம் காலத்தில் வர வேண்டும் என்று அவர் காத்திருந்தது எங்களுக்குத் தெரியும்.

"விண்மீன் வெடிக்கறச்சே வெளிச்சத்துக்கு முன்னாடியே நியூட்ரினோ கிளம்பிடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேங்கற மாதிரி. ஆனா அந்த மணியோசை ரொம்ப மெல்லிசு, நம்ம குழாய்க்குக் கேட்காது" என்றார். "யானை நடந்து போனப்புறம் புழுதி கிளம்பும் பாருங்கோ, அதைத்தான் நாம பார்க்கணும். வெடிச்சுச் சிதறினது போய் மோதி மோதி, மாசக்கணக்கா பலமான நியூட்ரினோ வரலாம். வராமலும் போகலாம்."

"தூரத்துல வெடிச்சா இங்க தெரியுமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"அநேகமா தெரியாது. ஆனா பார்க்காம தெரியாதுன்னு சொல்லப்படாது."

அந்த மாதங்களின் சுருள்கள் எல்லாமே விண்மீனின் சுருள்கள் என்று ஆயிற்று. சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக சார் வேலையைப் பிரித்தார். பாதிச் சுருள்களை நான் முதலில் பார்க்க வேண்டும், மீதியை அக்கா. அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெட்டி திறந்தது. நான் முதலில் பார்த்த சுருளில் "ம்", "ம்" என்று போய்க்கொண்டிருந்தார். அக்கா முதலில் பார்த்த சுருளுக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினார். எழுந்தார். படத்தைப் போட்டார். வலது ஓரத்தில், கிட்டத்தட்டப் படுத்த மாதிரி ஓர் அழகான வரிசை. குழந்தைகூடக் காட்டும்.

"பாத்துட்டேளா?"

"பாத்துட்டேன் சார்" என்றாள் அக்கா. அவள் முகம் படத்தின் நடுப்பக்கம் திரும்பியிருந்தது.

சார் மறுபடி எண்களைப் படித்தார். மறுபடி எழுந்தார். இந்த முறை இடது மூலை. அதற்கடுத்து இன்னொன்று, அதுவும் ஓரம். ஒவ்வொன்றுக்கும் அக்கா "பாத்துட்டேன் சார்" என்றாள். மூன்றாவது தடவை அவள் மேஜை அருகே போய்க் குனிந்து, விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, "இதானே சார்?" என்றாள். அவள் தொட்ட இடத்தில் வெறும் வெள்ளைதான் இருந்தது. சார் விளக்கை அணைத்துவிட்டு, "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றார்.

வெளியே நல்ல மத்தியான வெயில். பஸ் நிறுத்தத்து மர நிழலில் அவளை உட்கார வைத்தேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. உனக்குக் கண்ணு தெரியலையா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நேரா பாத்தா நல்லா தெர்தும்மா. பக்கத்துல இன்னா கீதுன்னு தெர்ல. ஒரு குழாய்க்குள்ளாற பாக்கற மாதிரி கீது. பொழுது சாஞ்சா அதுவும் இல்ல. எங்க நைனாவுக்கும் இப்டித்தான் வந்துது."

"பின்ன இத்தனை நாள் எப்படி எல்லாம் சரியா குறிச்சே?"

அவள் வலது கட்டைவிரலை எனக்கு முன்னால் நீட்டினாள். "நீ வரிசையப் பாத்தா அந்தப் படத்துலயே நின்னுக்கினு அளவெடுப்ப இல்ல? லைட்டு சூட்டுல பிலிமு அந்த எடத்துல லேசா பொங்கிக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுத்தறப்போ வெரல்ல தெரியும். தெரிஞ்சா நிறுத்திருவேன். அப்பால மெதுவா மூலை மூலையா தேடுவேன். நீ நின்ன எடத்துலலாம் நானும் நின்னேன். அவ்ளோதான்."

நான் வருஷக்கணக்காக அதே சுருள்களைச் சுற்றியவள். அந்த மேடு என் விரலில் ஒரு நாளும் பட்டதில்லை. கண் இருப்பவளுக்கு விரல் எதற்கு?

"இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று கேட்டாள். "உன் கண்ணுதான் எல்லாத்தயும் பாத்துருதே. சாருக்கு வேண்டியது கெட்ச்சிருது. நட்சத்திரத்துக்கு ஒண்ணும் கொறையல. பழையபடி நானே ரெண்டாவதா பாக்கறேன்னு நீ கேளு. நீ கேட்டா தருவாரு. பெரியவ நர்சு படிப்பு முடிக்கட்டும். அப்பால நானே நின்னுக்கறேன்."

நஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும். என் கண்ணும் ஒரு கண்தான், அதற்கும் தப்பும். நான் விட்டதை அவள் பிடிப்பாள் என்பதற்காகத்தான் அவளுக்கு அந்த நாற்காலி. அவள் நான் காட்டிய கற்களையே திரும்பக் காட்டிக்கொண்டிருந்தால், முறத்தில் மீதி எத்தனை என்று யாருக்குத் தெரியும்? எதுவும் தப்பவில்லை என்று நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டோம். அச்சிலும் போட்டுவிட்டோம். இனி அந்த விண்மீனைப் பற்றியும் அதையே சொல்லப் போகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் நானாக இல்லை. சொல்லாவிட்டால் என்ன என்று ஒரு மனம். தென் வானத்தில் எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்ததற்கு மந்தைவெளியில் நான் ஏன் தவிக்க வேண்டும் என்று கோபம்கூட வந்தது. திங்கட்கிழமை காலையில் இருட்டறைக்கு வெளியே அக்காவை நிறுத்தி, "நான் சார்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று பயந்தேன். "சொல்லு. நான் உன்ன தடுக்கல" என்றாள். "என் எதிருல சொல்லாத. அது மட்டும்."

வரதன் சார் நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய சுருளை எடுத்து வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல்மேல் படச்சுருளை மெதுவாக ஓடவிட்டார். எங்கோ ஓரிடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டு ஓடவிட்டார். மறுபடி விரல் நின்றது. வெகுநேரம் இதைச் செய்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சுருளை மேஜையில் வைத்தார்.

"விளக்கு சுடும்னு எனக்குத் தெரியாதா? தொட்டா சுடறது" என்றார். "பேசக்கூடாதுன்னேன், பூட்டு போட்டேன். இந்தச் சூடு பேசிண்டிருக்கும்னு எனக்குத் தோணலை. தப்பு என்னோடது. அவா பேர்ல ஒண்ணும் இல்லை."

அவர் அதை என் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அப்படியே நடந்தும் காட்டினார். அச்சான கட்டுரையின் முடிவை நம்ப வேண்டாம் என்று அவரே அறிவித்தார். "ஒரு பொம்பளைக்குக் கண் கோளாறு, அதுக்குப் போய் இவ்வளவா? மூடி மறைச்சுட்டுப் போவாரா, ஊரைக் கூட்டறாரே" என்று மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள் கொஞ்ச காலம் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அக்காவுக்கு வேறு மேஜை வாங்கித் தருவதற்கு அவர் அலையாத இடமில்லை. ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவர்கள் பார்த்து, பணிக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பென்ஷனுக்கு வேண்டிய சேவைக்காலம் அவளுக்கு முடிந்திருக்கவில்லை. அந்தச் சேதியைச் சொல்ல சார் அவரே சாந்தோமுக்குக் கிளம்பினார். வீடு தெரியாததால் என்னைக் கூட்டிப்போனார். "என் எதிருல சொல்லாத" என்று அவள் கேட்டிருந்தாள் அல்லவா, நான் தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். அவர் வாசலில் செருப்பை விட்டு உள்ளே போவது தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து வந்தார். "காபி கொடுத்தா. நன்னா இருந்தது" என்றார்.

விளக்குகளுக்கு முன்னால் சூடு தடுக்கும் கண்ணாடி வந்தது. எந்தப் படத்திலும் ஒரே அளவு நேரம்தான் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதை நான் அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் தினமும் சொல்லிக்கொண்டேன். அக்காவின் நாற்காலிக்குப் புதிய பெண் ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி. அவளோடு நான் வேலை நேரத்தில் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது அவள் குற்றம் இல்லை.

விண்மீனின் சுருள்களைப் படியெடுத்து, மேடு பள்ளம் இல்லாத புதுச் சுருளில், முதலிலிருந்து பார்த்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சாய்ந்த வரிசைகள் கிடைத்தன. நான் விட்டவையும் சில இருந்தன. அந்தச் சனிக்கிழமைகளில் எனக்காகவும் சார் எழுந்து போனார். ஒவ்வொரு வரிசையும் வானத்தில் எந்தத் திசையைக் காட்டுகிறது என்று கணக்குப் போட்டார்கள். முடிவு வந்த அன்று வரதன் சார் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லை" என்றார். "அந்த விண்மீன்லேர்ந்து ஒண்ணுகூட வரலை. எத்தனை தப்பியிருக்கும்ங்கறதும் இப்போ தெரியும். இப்போ தைரியமா சொல்லலாம்."

அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது, நிம்மதியும் இருந்தது. எனக்கு எந்த நிம்மதியும் இல்லை. பின்கட்டுக் கிணற்றடிக்குப் போய் அழுதேன். ஒன்றுமில்லை என்பதை ஊர் நம்பும்படி சொல்வதற்கு ஒரு வீட்டின் அடுப்பையே அணைத்திருக்கிறோம் என்று தோன்றியது. நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். சரியாகச் செய்துவிட்டால் மனம் ஆறிவிடும் என்று யார் சொன்னது?

சுரங்கத்து வேலை கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆட்கள் கைக்குப் போனது. சார் ஓய்வு பெற்றார். எங்கள் இருட்டறைகளின் ஜன்னல்களைத் திறந்து நூலகமாக்கினார்கள். என்னையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அக்காவைப் போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தீபாவளிக்கு முன், தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துப்போட்ட பெண் என்னையே பார்த்தாள். "வசந்தா ஆன்ட்டிதானே? நான் பிலோமினாவோட பெரிய பொண்ணு" என்றாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறாள். அவள் முகத்தில் எனக்கு எதிராக எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா உங்களப் பத்திப் பேசிக்கினே இருக்கும். வந்து பாருங்க ஆன்ட்டி" என்றாள். எந்தப் புடவையை வாங்கினேன் என்று நினைவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் போனேன். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் நெருங்குவதற்குள்ளேயே, "வசந்தாவா?" என்றாள். காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்கிறாளா, மகள் சொல்லி வைத்திருந்தாளா தெரியவில்லை. கண்கள் முன்போலவே அழகாக இருந்தன. என் பக்கம் திரும்பினாலும் என் மேல் நிற்கவில்லை.

குடும்பக் கதையெல்லாம் பேசினோம். வரதன் சாரைக் கேட்டாள். மாரடைப்பில் போய்விட்டார் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டாள். "என் கை காப்பிய குடிச்சவரு" என்றாள். பிறகு கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்:

"அந்த நட்சத்திரம் இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லைக்கா. அதிலிருந்து ஒண்ணும் வரல."

அவள் விரல்கள் காம்பிலேயே நின்றன.

"நீ சொல்லாம இருந்திருந்தாலும் ஒண்ணும் இல்லன்னுதானே வந்திருக்கும்?"

இந்தக் கேள்வியை நான் எனக்குள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவள் வாயால் கேட்பேன் என்று நினைக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். அவளிடம்கூட எனக்கு அது வரவில்லை.

"ஆமாக்கா. ஒண்ணும் இல்லன்னுதான் வந்திருக்கும்" என்றேன். "ஆனா அதை யாரும் நம்பியிருக்கக் கூடாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பழைய சிரிப்பு, தோள் குலுங்க. "நீ மாறவே மாட்ட, போ" என்றாள். சிரிப்பு நிற்கும்போது முந்தானை ஈரமாக இருந்தது. கீரை முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "கோயிலுக்குப் போவணும். பூசைக்கு நேரமாச்சு. முனை வரைக்கும் வா."

படியில் இறங்கும்போது முழங்கைக்கு மேலே, பழைய இடத்திலேயே, என் கையைப் பிடித்தாள். அதே அழுத்தம். எதிரே கடல்பக்கத்திலிருந்து வந்த வெயிலில் எனக்குக் கண் கூசியது. நான் மெதுவாகவே நடந்தேன்.